வீட்டைப் பூட்டிட்டுப் போனா சாடிக் கண்டுகளுக்கு ஆர் தண்ணி ஊத்துறது?

கேள்வி: சேர், நான் திருகோணமலை டவுனில கடற்கரைப் பக்கமா இருக்கிறன். மகளுக்கு வாற மாசம் பிள்ளை பிறக்க நாள் குடுத்திருக்கினம், நானும் இவரும் வவுனியாவுக்குப் போய் 18 நாள் நிக்கவேணும். வீட்டில 40க்கு மேல சாடி இருக்கு. ரோசா எட்டு, அந்தூரியம் ஆறு, ஓக்கிட் அஞ்சு, குரோட்டன், கற்றாழை, கள்ளி, அதோட மிளகாயும் கத்தரியும் பத்துச் சாடி. நிலத்தில ஒரு கறிவேப்பிலையும் ரெண்டு வருசத் தேசிக் கண்டும் நிக்குது. போன வருசம் நல்லூர்த் தேருக்கு எண்டு ஒம்பது நாள் போய் வந்தம். ஒண்டரை லீற்றர் சோடாப் போத்தல்களில தண்ணி நிரப்பி ஒவ்வொரு சாடியிலயும் கவிட்டு வைச்சிட்டுத்தான் போனன், வந்து பாத்தா பாதி செத்துப்போச்சு. கள்ளி மட்டும் அழுகிப்போய்க் கிடந்திச்சு, ஏனெண்டா அடுத்த வீட்டுத் தம்பி இடையில வந்து எல்லாத்துக்கும் ஒரே மாதிரி ஊத்தியிருக்கிறான். அந்தூரியத்தில ஒண்டு, காலமாகிப்போன எங்கட அம்மா வளத்தது. அது போனா எனக்குத் தாங்கேலாது. என்ன செய்யலாம்?

பதில்:

தங்கச்சி, முதல்ல உங்கட மகளுக்கு நல்லபடியா பிள்ளை பிறக்கட்டும். கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். நான் விவசாயப் போதனாசிரியரா இந்த மாவட்டத்துக்குள்ள தம்பலகாமம், குச்சவெளி எண்டு கனகாலம் திரிஞ்சவன். வெளியூர் போறதுக்கு முதல் நாள் பின்னேரம் சனம் சாடியளுக்கு வாளி வாளியா தண்ணி ஊத்திப்போட்டுப் போறதையும், வந்து பாத்துக் கவலைப்படுறதையும் எத்தனையோ வீட்டில கண்டிருக்கிறன். அதால இதைக் கொஞ்சம் விரிவாவே எழுதுறன்.

போத்தல் ஏன் சரிவரேல்ல எண்டு முதல்ல பாப்பம். எங்கட கடற்கரைப் பக்கத்து மண் வெறும் மணல். சாடிக்கும் அந்த மண்ணைத்தானே கூடுதலா போடுறம். மணலுக்குள்ள கவிட்ட போத்தல் சொட்டுச் சொட்டா இறங்காது, கொஞ்ச நேரத்திலயே முழுசா இறங்கி அடி ஓட்டையால வெளியில போயிடும். நீங்கள் பஸ் ஏறி ஹொரவப்பொத்தானை தாண்ட முதலே போத்தல் காலியாகியிருக்கும். களிமண் கூடின தோட்டத்து மண்ணில அது ஓரளவு வேலை செய்யும், உங்கட சாடியில செய்யாது. இந்த முறை அதை விட்டிடுங்கோ.

அதைவிடப் பெரிய விசயம் காத்து. நீங்கள் போறது கச்சான் எண்ட தென்மேற்குக் காத்து வீசுற காலத்தில. இந்தக் காத்து மலைநாட்டின்ர மேற்குப் பக்கத்தில மழையைக் கொட்டிப்போட்டு, ஈரமெல்லாம் போய்க் காய்ஞ்சு சூடாகித்தான் எங்கட பக்கம் இறங்கி வருது. எங்களுக்கு மழையில பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் தை வரைக்கும்தான், இந்த மாசங்களில வானத்தை நம்பி ஒண்டும் செய்யேலாது. நிறையப்பேர் வெய்யிலுக்குத்தான் பயப்பிடுகினம், கண்டை நிழலில வைச்சாக் காணும் எண்டு நினைக்கினம். ஆனா நிழலில நிண்டாலும் கச்சான் பட்டா இலையில இருக்கிற தண்ணியை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வேர் அந்த வேகத்துக்குத் தண்ணி ஏத்தேலாமல் போய்த்தான் கண்டு வாடுது. அதால நான் சொல்லுறது இதுதான்: தண்ணி குடுக்கிற வழியைத் தேடுறதுக்கு முதல் கண்டு தண்ணியைச் செலவழிக்கிற அளவைக் குறையுங்கோ. பாதி வேலை அதிலயே முடிஞ்சிடும்.

கச்சான் தென்மேற்கால வாற காத்து, அப்ப வீட்டுக்குக் கிழக்குப் பக்கம்தான் மறைவு. உங்கட வீட்டில அந்தப் பக்கத்தில கிணத்தடியோ ஒரு மாமரமோ மதிலோ இருந்தா அதுதான் இடம். காலமை இளவெய்யில் படும், மத்தியானத்துக்குப் பிறகு நிழல். பின்னேரக் கடல் காத்துக்கு மதில் மறைப்பாயிருக்கும். எல்லாச் சாடியையும் அங்க கொண்டுவந்து நெருக்கி வையுங்கோ, ஒண்டோட ஒண்டு இலை முட்டுற அளவுக்கு. கூட்டமா நிக்கிற கண்டுகள் தங்களுக்குள்ள ஒரு ஈரக்காத்தை வைச்சிருக்கும், தனிய நிக்கிறது கெதியில காயும். பெரிய உரமான கண்டுகளை வெளிச்சுத்திலயும் அந்தூரியம் மாதிரி மெல்லிசுகளை நடுவிலயும் வையுங்கோ. மேற்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் கிடுகு, அதுதான் பின்னின தென்னோலை, நாலைஞ்சைச் சாத்திக் கட்டினாக் காணும், கடையில விக்கிற சேட் நெட்டைவிட எனக்குக் கிடுகு பிடிக்கும், காத்தை மெதுவா விடும், ஒரேயடியா அடைக்காது.

இன்னும் கொஞ்சம் மினக்கெட முடிஞ்சா அந்த இடத்தில ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி சாடியளை அதுக்குள்ள இறக்கி, சுத்திவர நனைச்ச தும்புத்தூளையோ மணலையோ நிரப்பி விடுங்கோ. மண் சாடி எண்டா சுவராலயும் ஈரம் போகும் வரும், அதுக்கு இது பெரிய உதவி. பிளாஸ்ரிக் சாடிக்கு ஈரம் போகாது, ஆனா வேர் சூடாகாமல் இருக்கும். கறுப்புப் பிளாஸ்ரிக் சாடி மத்தியான வெய்யிலில தொட்டுப் பாத்திருக்கிறீங்களா, கை வைக்கேலாது, உள்ளுக்கு இருக்கிற வேருக்கும் அந்தச் சூடுதான்.

போறதுக்கு ஒரு கிழமைக்கு முதல் ரோசாவில இருக்கிற பூ, மொட்டு எல்லாத்தையும் நுள்ளி எடுங்கோ, நீட்டு நீட்டா வளந்த கொப்பை மூண்டில ஒரு பங்கு வெட்டி விடுங்கோ. மனம் வராது எண்டு தெரியும், ஆனா நீங்கள் இல்லாத 18 நாளில பூக்கிற பூவை ஆர் பாக்கப்போறது, அந்தப் பூவுக்குச் செலவாகிற தண்ணி கண்டுக்கு மிஞ்சட்டும். குரோட்டனில பழுத்த இலையளைக் களையுங்கோ. சாடிக்குள்ள முளைச்ச புல்லுப்பூண்டைப் பிடுங்குங்கோ. பசளை மட்டும் போடாதேங்கோ, யூரியாவும் வேண்டாம் கலவைப் பசளையும் வேண்டாம், நான் இல்லாத நேரத்துக்குச் சத்துக் குடுத்திட்டுப் போறன் எண்டு போடுற ஆக்கள் இருக்கினம், அது புதுத் தளிரை வரப்பண்ணித் தண்ணித் தேவையைக் கூட்டும், மண் காயேக்க அந்த உப்பு வேரைச் சுடும்.

போற நாள் விடிய ஒவ்வொரு சாடியையும் ஒரு பெரிய பேசினுக்குள்ள தண்ணியில அமத்தி வையுங்கோ, குமிழி வாறது நிக்கும்வரைக்கும். மேலால ஊத்தினா, காய்ஞ்ச மண்ணும் தும்பும் தண்ணியைக் குடிக்காது, சாடி ஓரத்தால வழிஞ்சு அடியால வந்திடும், நாங்கள் நனைஞ்சிட்டுது எண்டு நினைப்பம், நடுவில காய்ஞ்சபடி கிடக்கும். அமத்தி எடுத்த சாடியைத் தூக்கிப் பாருங்கோ, அந்தப் பாரம் கையில ஞாபகம் இருக்கட்டும், பிறகு எப்ப தண்ணி வேணும் எண்டு பாரத்திலயே தெரியும். மேல மண்ணை மூடி வைக்கல், காய்ஞ்ச இலை, பொச்சுத்துண்டு (தேங்காய் மட்டைத் துண்டு) என்ன கிடைக்குதோ ரெண்டு விரல் கனத்துக்குப் போட்டு விடுங்கோ.

இனித் தண்ணி. உங்கட 40 சாடிக்கும் ஒரே வழி சரிவராது, போன முறை கள்ளி அழுகினது அதாலதான். கள்ளியும் கற்றாழையும் ஒரு சொட்டுத் தண்ணியும் இல்லாமல் 18 நாள் சுகமா நிக்கும், அதுகளைக் கூட்டத்தில சேர்க்காமல் விறாந்தையில தனிய வைச்சு மறந்திடுங்கோ. குரோட்டன் மேல சொன்னமாதிரி நிழலில, நனைச்ச தும்புக்குள்ள நிண்டா ஒரு தரமோ ரெண்டு தரமோ ஆராவது ஊத்தினாக் காணும்.

அந்தூரியத்துக்குத் திரி போடுங்கோ. மூடி உள்ள ஒரு வாளியில தண்ணி நிரப்பி, மூடியில ஒரு ஓட்டை போட்டு, அதுக்கு மேல சாடியை வைச்சு, சாடியின்ர அடி ஓட்டையால ஒரு திரியை உள்ளுக்கு நாலு விரல் ஏத்தி மற்றத் தலைப்பை வாளியின்ர அடி மட்டும் விடுங்கோ. விளக்குத் திரி எண்ணெயை ஏத்துற மாதிரித்தான், மண் காயக் காயத் திரி தண்ணியை மேல இழுக்கும், மண் ஈரமா இருந்தா இழுக்கிறது குறையும், கண்டே தன்ர தேவைக்கு எடுக்குது எண்டு சொல்லலாம். எந்தத் துணி எண்டதுதான் முக்கியம். வழுவழுப்பான நைலோன் கயிறு தண்ணியை ஏத்தாது, வெறும் பருத்தி ஈரத்துக்குள்ள கிடந்து உக்கிப்போகும். பழைய ரீசேட்டில பொலியெஸ்டர் கலந்ததை ரெண்டு விரல் அகலத்துக்குக் கிழிச்சு முறுக்கி எடுங்கோ. போட முதல் திரியை நனையுங்கோ, மண்ணும் நனைஞ்சிருக்கவேணும், காய்ஞ்ச திரி தானா ஏத்தத் தொடங்காது. தண்ணி மட்டத்துக்கும் சாடி அடிக்கும் இடையில ஒரு சாணுக்கு மேல இடைவெளி வந்தா ஏத்துறது குறைஞ்சிடும், அதால ஒடுங்கி உயர்ந்த வாளியைவிட அகலமாப் பதிஞ்ச வாளி நல்லம்.

ரோசாவுக்கு இது காணாது, ரோசா நல்லாக் குடிக்கிற சாதி. அதுக்கு சேலைன் வயர். கோணேசர் கோயிலில வெய்யில் காலத்தில லிங்கத்துக்கு மேல தாராபாத்திரம் கட்டிச் சொட்டுச் சொட்டா விடுறதைக் கண்டிருப்பீங்கள், அதே வேலைதான். பாமசியில புது சேலைன் செட் வாங்குங்கோ, பாவிச்சது வேண்டாம். 20 லீற்றர் கானில அடியோட ஒட்டிச் சூடாக்கின ஆணியால ரெண்டு ஓட்டை போட்டு, செட்டின்ர கூர் முனையை இறுக்கமாச் செருகி, சுத்திவர சிலிக்கன் பசை பூசி ஒரு நாள் காயவிடுங்கோ. கானை ஒரு கதிரையிலயோ கல்லிலயோ உயர வையுங்கோ. இந்த செட்டில சாதாரணமா 20 சொட்டு ஒரு மில்லிலீற்றர், பெட்டியிலயே எழுதியிருக்கும். நிமிசத்துக்கு 7 சொட்டு விட்டா மணித்தியாலத்துக்கு 21 மில்லி, ஒரு நாளைக்கு அரை லீற்றர். காத்து மறைவில, வெட்டிவிட்ட ரோசாச் சாடிக்கு அது தாராளம். 18 நாளைக்கு ஒம்பது லீற்றர், அப்ப ஒரு கான் ரெண்டு ரோசாவுக்கு, எட்டு ரோசாவுக்கு நாலு கான். தண்ணி மட்டம் இறங்க இறங்கச் சொட்டும் குறையும், அதால தொடக்கத்தில 8 சொட்டு வையுங்கோ. கான் மூடியில ஊசியளவு காத்து ஓட்டை கட்டாயம், இல்லாட்டி ரெண்டு மணித்தியாலத்தில நிண்டிடும். கானுக்கு மேல சாக்கோ கறுப்புத் துணியோ போடுங்கோ, வெளிச்சம் பட்டா உள்ளுக்குப் பாசி பிடிச்சு வயரை அடைக்கும்.

நிலத்தில நிக்கிற தேசிக்கு மண் முட்டிதான் என்ர தெரிவு. பூச்சுப் பூசாத சாதாரண முட்டி ஒண்டை, அடிமரத்தில இருந்து ஒண்டரை அடி தள்ளிக் கழுத்து வரைக்கும் புதைச்சுத் தண்ணி நிரப்பி மூடிவிடுங்கோ. முட்டிச் சுவரால கசிஞ்சு வேருக்கு நேரா போகும், மேல்மண் காய்ஞ்சே கிடக்கும், வெய்யில் எடுக்கிறதுக்கு ஒண்டுமில்லை. சீனாவில கிறிஸ்துவுக்கு முந்தின முதலாம் நூற்றாண்டு விவசாய ஏடொண்டிலயே இதைச் சொல்லியிருக்கு, அவ்வளவு பழைய வழி. அதோட சுத்திவரப் பொச்சுமட்டையைக் கவிட்டு அடுக்கி விடுங்கோ, மேடு மேல பாக்கவேணும். மண்ணுக்குள்ள புதைக்கிறதெண்டா மாறி, குழி மேல பாக்கவேணும், தண்ணியை ஏந்தும். தென்னந்தோட்டக்காரர் வரட்சிக்கு இதைத்தான் செய்யினம். கறிவேப்பிலை வேர் விட்ட மரமெண்டா போற அண்டைக்கு ஆறேழு வாளி மெதுவா ஊறவிட்டாலே நிக்கும், இலையை நல்லா ஒடிச்சு மகளுக்குக் கொண்டு போங்கோ.

ஓக்கிட் டென்ரோபியம் எண்டுதான் நினைக்கிறன், அது தண்டில தண்ணி சேர்த்து வைக்கிற சாதி, பொச்சுத்துண்டை நல்லா ஊறவைச்சு மாமரக் கொப்பில நிழலாத் தூக்கி விட்டா ரெண்டு கிழமைக்குப் பெரிசா ஒண்டும் வராது. கூடையில வேர் தொங்குற, வண்டா (Vanda) எண்ட ஓக்கிட் சாதியா இருந்தா அது வேற, ஆரிட்டயாவது குடுத்திட்டுப் போங்கோ.

மிளகாயும் கத்தரியும் பத்துச் சாடி எண்டு எழுதியிருக்கிறீங்கள். நேராச் சொல்லுறன், காய்க்கிற கண்டை 18 நாள் இந்தக் காத்தில ஆள் இல்லாமல் காப்பாத்துறது பெரிய பாடு. காயெல்லாம் பிடுங்கி எடுத்திட்டுச் சாடியளை அந்தத் தம்பி வீட்டு முத்தத்துக்குக் கொண்டுபோய் வையுங்கோ, காய்க்கிறதை அவையளே எடுக்கட்டும், தங்கட காய் எண்டா தண்ணியும் மறக்காமல் ஊத்துவினம்.

தம்பியில கோபிக்காதேங்கோ. ஆருக்கு எவ்வளவு எண்டு அவனுக்குச் சொல்லாமல் விட்டதுதான் பிழை. சாடியில துணி கட்டி விடுங்கோ: சிவப்புக்கு மூண்டு நாளைக்கொருக்கா ஒரு செம்பு, வெள்ளைக்குக் கிழமைக்கொருக்கா. அந்தூரிய வாளியும் ரோசாக் கானும் இருக்கிற இடத்தைக் காட்டி, சொட்டு விழுதோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ. எல்லாம் ஒரே இடத்தில இருந்தா அவனுக்குப் பத்து நிமிச வேலை, ரியூசன் போற வழியில செய்வான்.

இப்ப நான் கெஞ்சிக் கேக்கிற ஒண்டு. சாடிக்குக் கீழ தட்டு வைச்சு அதில தண்ணி நிரப்பிவிட்டுப் போகாதேங்கோ. டெங்கு நுளம்பு முட்டையில இருந்து பறக்கிற நுளம்பாக ஏழு தொடக்கம் பத்து நாள் காணும், 18 நாள் பூட்டின வீட்டில அது பெருக நேரம் தாராளமா இருக்கு. 2017ல எங்கட மாவட்டம், அதிலயும் கிண்ணியா, பட்ட பாட்டை ஆரும் மறந்திருக்கமாட்டீங்கள், அந்த வருசம் நாடு முழுக்க ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு. நீங்கள் பச்சைப் பிள்ளை பிறக்கிற வீட்டில இருந்து திரும்பி வாறீங்கள், கொஞ்ச நாளில அந்தப் பிள்ளையும் உங்கட வீட்டுக்கு வரும். வாளி மூடி ஓட்டையில திரிக்குச் சுத்தி இடைவெளி இருந்தா துணியால அடையுங்கோ, கான் மூடிக்கு வலைத்துணி கட்டுங்கோ, முட்டிக்கு மேல மண் சட்டியைக் கவிட்டுக் கல் வையுங்கோ.

கிணத்துத் தண்ணி இப்ப உவரா இருக்குதோ எண்டும் வாயில வைச்சுப் பாருங்கோ. கோடையில கடற்கரைக் கிணறுகள் உவர் ஏறும், அந்தத் தண்ணியைச் சொட்டு நீரா விட்டா தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் மண்ணில மிஞ்சும், முட்டிச் சுவரையும் அடைக்கும். அந்தூரியத்துக்கும் ஓக்கிட்டுக்கும் அது கொஞ்சமும் ஆகாது. கானுக்கும் வாளிக்கும் குழாய்த் தண்ணி, கந்தளாயில இருந்து வாற நல்ல தண்ணிதானே, அதையே நிரப்புங்கோ. குழாயில ரைமர் பூட்டலாமோ எண்டு சிலர் கேக்கிறவை, மேல்தாங்கி இருந்தாப் பூட்டலாம், ஆனா ஒரு இணைப்புக் கழண்டா தாங்கி முழுக்க ஓடிப்போகும், பாக்க ஆளில்லாத வீட்டுக்கு நான் சொல்லமாட்டன்.

டவுனுக்குள்ள இருக்கிறபடியா அங்க திரியிற மானையும் நினைக்கவேணும். வரட்சிக்கு எங்கயும் பச்சை இல்லாத நேரம் உங்கட கிணத்தடியில மட்டும் 30 சாடி பச்சையா நிண்டா, இரவில கேற் திறந்து கிடந்தா புள்ளிமான் நேரா அங்கதான் வரும், ரோசாத் தளிர் எண்டா அதுக்கு விருப்பம். மாடும் அப்பிடித்தான். கேற்றைக் கொழுவி, கிடுகு மறைப்பை மானின்ர தலை எட்டாத உயரத்துக்குக் கட்டுங்கோ.

இதெல்லாத்தையும் போற அண்டைக்கு அந்தரப்பட்டுச் செய்யாதேங்கோ. இப்பவே ஒரு கானும் ஒரு திரி வாளியும் செய்து நாலு நாள் ஓட விட்டுப் பாருங்கோ, வீட்டில இருந்துகொண்டே, கையால ஊத்தாமல். நாலு நாளில வாளியில எவ்வளவு இறங்கியிருக்கு எண்டு ஒரு கோடு போட்டு அளந்தா 18 நாளுக்கு எவ்வளவு வேணும் எண்டு உங்களுக்கே கணக்கு வரும். மண் சேறா இருந்தா திரியை மெலிசாக்குங்கோ, காய்ஞ்சிருந்தா ரெண்டு திரி போடுங்கோ.

திரும்பி வந்து ஏதாவது வாடிப்போய்க் கிடந்தா உடன பிடுங்கி எறியாதேங்கோ. தண்டை நகத்தால சுரண்டினா உள்ளுக்குப் பச்சை தெரிஞ்சா உயிர் இருக்கு. நிழலிலயே வைச்சுக் கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி, தளிர் வரும்வரைக்கும் பசளை வேண்டாம். வந்த கிழமையே எல்லாச் சாடிக்கும் ஒருக்கா நிறைய நல்ல தண்ணி ஊத்தி அடியால ஓடவிடுங்கோ, சேர்ந்த உப்புக் கழுவுப்படும்.

அம்மாவின்ர அந்தூரியத்தைப் பற்றிக் கடைசியா. எவ்வளவு கவனமாச் செய்தாலும் ஒரே சாடியில ஒரே வீட்டில அதை வைச்சிருக்கிறது எனக்குப் பயம். அதின்ர அடியில பக்கக் கண்டு வந்திருக்கும், ரெண்டு மூண்டு வேரும் ரெண்டு மூண்டு இலையும் உள்ள கண்டாப் பாத்து, சுத்தமான கத்தியால வேரோட பிரிச்செடுங்கோ. வேரை நனைச்ச தும்பால சுத்தி, முழுக்கண்டையும் ஒரு பெரிய பொலித்தீன் பைக்குள்ள விட்டுக் காத்து நிரப்பி வாயைக் கட்டுங்கோ, உள்ளுக்கு இருக்கிற ஈரமே திரும்பத் திரும்ப அதுக்கு உதவும். 1876ல லண்டன் கியூ தோட்டத்தில இருந்து எங்கட நாட்டு ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு இறப்பர்க் கண்டுகள் கப்பலில வந்தது இப்பிடி மூடின கண்ணாடிப் பெட்டியளுக்குள்ளதான், கடலில கிழமைக்கணக்காப் பயணம், உங்களுக்கு வவுனியா மட்டும் சில மணித்தியாலம். பஸ்ஸில வெய்யில் படாத பக்கமா மடியில வைச்சிருங்கோ, வெய்யில் பட்டா பைக்குள்ள அவிஞ்சிடும். அங்க போய்ப் பொச்சுத்துண்டும் கொஞ்சம் கரியும் போட்ட சாடியில நட்டு, மகளின்ர வீட்டுக் கிழக்கு விறாந்தையில வையுங்கோ. 18 நாளும் நீங்கள் அங்கதானே நிக்கப்போறீங்கள், அதுக்கு உங்கட கையாலயே தண்ணி ஊத்தலாம்.